படகு ஏறும் மலை

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பார்கள். அந்தப் பழமொழியை நான் மலேசியாவின் கேமரன் மலையில், கியா பார்மில் கண்ணால் பார்த்தேன். மாமாவின் முட்டைக்கோசுத் தோட்டத்து ஓரம், உரமூட்டை அடுக்கும் தகரக் கொட்டகையில், 14 அடி அலுமினியப் படகு ஒன்று டிரெய்லர் மேல் உட்கார்ந்திருந்தது. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உயரம். சுற்றிலும் பனி, பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறிப் பாத்திகள், கீழே சுங்கை பாலாஸ் பக்கம் சீவி விட்டதுபோலத் தேயிலைச் சரிவு. மீன்பிடி படகுக்கு இதைவிடப் பொருந்தாத இடம் உலகில் இருக்க முடியாது.

ஆனால் மாமாவுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இருபது வருடம் காய்கறி லோரி ஓட்டியவர். கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய் இறங்கி ஈப்போவுக்கு மூட்டை சேர்த்தவர். ஓய்வுக்குப் பிறகு கூட்டாளிகளோடு பேராக்கின் தெமெங்கோர் ஏரிக்குப் போய் தோமான், செபாராவ் பிடிப்பதுதான் அவருடைய உலகம். தோமான் என்பது நம் ஊர் விராலின் பெரியண்ணன். இதுவரை வாடகைப் படகு. இப்போது சொந்தப் படகு வந்துவிட்டது. எஞ்சின்தான் பாக்கி.

"15 குதிரை போதுமா, 30 எடுத்துரலாமான்னு பார்க்கிறேன்ப்பா. பெரிய எஞ்சின்னா அலுப்பில்லாம இழுக்கும். எண்ணெயும் மிச்சம்" என்றார்.

லோரிக்காரரின் அனுபவம் அப்படித்தான் பேசும். சரக்கோடு மலையேறும்போது சின்ன எஞ்சின் மூச்சு வாங்கும், கியரை இறக்கி இறக்கி எண்ணெயைக் குடிக்கும். பெரிய எஞ்சின் அதே ஏற்றத்தைச் சிரமமில்லாமல் கடக்கும். தண்ணீரில் ஏற்றம் இறக்கம் கிடையாதே, அங்கே இன்னும் சுலபமாகத்தானே இருக்க வேண்டும்?

அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். தண்ணீரிலும் மலை உண்டு. சாலையில் உள்ள மலையை யாரோ முன்பே வைத்துவிட்டார்கள். தண்ணீரில் உள்ளதைப் படகே எழுப்புகிறது; எழுப்பிவிட்டுத் தானே ஏறுகிறது. எரிபொருளை மிச்சம் பிடிக்க நினைப்பவர் எஞ்சின் கடைக்குப் போவதற்கு முன் இந்த மலையைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு கணக்கோடு தொடங்கலாம். ஒரு டன் எடையைக் கடல்மட்டத்திலிருந்து கியா பார்ம் வரை 1,500 மீட்டர் தூக்குவதற்கு வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 15 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருக்கிறது. எஞ்சின் அதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்துக்கொண்டாலும், உயரத்துக்கான கூலி மட்டும் 2 லிட்டர் சொச்சம்தான். சாலையின் உராய்வும் காற்றின் தடையும் தனி. பழைய ரக 15 குதிரை டூ-ஸ்ட்ரோக் மோட்டார் ஒன்று முழு வேகத்தில் மணிக்கு ஆறு, ஏழு லிட்டர் குடிக்கும். ஒரு டன்னைக் கேமரன் மலை உச்சிக்குத் தூக்கும் எண்ணெயை, தட்டையான ஏரியில் இருபது நிமிடத்துக்குள் அது காலி செய்துவிடும். அந்த எண்ணெய் எங்கே போகிறது?

தண்ணீரில் ஒரு மேடு

நகரும் படகு முன்னால் இருக்கும் தண்ணீரை ஒதுக்கியாக வேண்டும். ஒதுக்கப்பட்ட தண்ணீர் படகின் முன்முனையான அணியத்தருகே மேடாக எழும்புகிறது. அது சரிந்து, மீண்டும் எழும்பி, படகின் விலா நெடுக அலையாக ஓடுகிறது. இந்த அலை படகோடு கூடவே, அதே வேகத்தில் வரும். ஆழமான நீரில் அலையின் வேகத்துக்கும் அதன் நீளத்துக்கும் பிரிக்க முடியாத உறவு உண்டு: வேகம் கூடினால் அலை நீளும். 2 மீட்டர் நீள அலை மணிக்கு 6.4 கி.மீ. போகும். 4 மீட்டர் அலை 9 கி.மீ. போகும். 8 மீட்டர் அலை 12.7 கி.மீ. போகும். நீளம் இரட்டித்தால் வேகம் இரட்டிப்பதில்லை. ஒன்றரை மடங்கைக்கூடத் தொடுவதில்லை.

மாமாவின் படகு நீரைத் தொடும் நீளம் சுமார் 4 மீட்டர். அது மணிக்கு 6.4 கி.மீ. போகும்போது விலாவில் மூன்று மேடுகள் தெரியும்: அணியத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. வேகம் கூடக்கூட நடுமேடு பின்னால் நகரும். 9 கி.மீ.யில் இரண்டே மேடுகள்தான் மிஞ்சும். படகு இரண்டு தோள்கள் தூக்கும் பல்லக்கு மாதிரி முன்னும் பின்னும் தாங்கப்பட்டு நிற்கும். இன்னும் கொஞ்சம் முடுக்கினால் பின்மேடு படகைத் தாண்டிப் போய்விடும். படகின் பின்புறம் பள்ளத்தில் இறங்கும், அணியம் வானத்தைப் பார்க்கும். அந்த நொடியிலிருந்து படகு மலையேறத் தொடங்குகிறது. எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அந்த மலைக்கு உச்சி வராது, ஏனென்றால் அதுவும் கூடவே நகர்கிறது.

அந்த எல்லையைப் படகின் உடல்வேகம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிது: நீர்மட்ட நீளத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 2.43-ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட் அளவில் கிடைக்கும். 4 மீட்டருக்கு 4.9 நாட் (மேலே பார்த்த அதே 9 கி.மீ.), 9 மீட்டருக்கு 7.3 நாட். எஞ்சினின் குதிரைச் சக்தி இந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

இதைத் தாண்ட ஒரு வழி உண்டு. படகு லேசாகவும் அடிப்பாகம் பின்புறம் தட்டையாகவும் இருந்து, போதுமான சக்தியும் கிடைத்தால், அது மேட்டின் மேல் ஏறித் தண்ணீரைக் கிழிப்பதை விட்டுவிட்டு அதன்மேல் வழுக்க ஆரம்பிக்கும். குளத்தில் எறிந்த ஓட்டுச்சில்லு தத்திப் போவதுபோல. வேகப்படகுகள் போவது அப்படித்தான். நீரைக் கிழித்துப் போவது ஒரு நிலை, வழுக்கிப் போவது ஒரு நிலை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, அணியத்தைத் தூக்கியபடி, பின்னால் பெரிய அலையை இழுத்துக்கொண்டு திணறுவதுதான் எண்ணெய்க்கு எமன். சிறு படகுக்காரர்களில் பலர் பெரும்பாலான நேரம் இந்த நடுநிலையில்தான் ஓட்டுகிறார்கள். சத்தமும் நுரையும் அதிகமாக இருப்பதால் வேகமாகப் போவதுபோலத் தோன்றும்.

டார்ட் ஆற்றில் பொம்மைப் படகுகள்

இந்த உண்மையை முதலில் முறையாக அளந்தவர் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர். 1867-இல் இங்கிலாந்தின் டார்ட் ஆற்றில் இரண்டு வகை மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்தார். ஒன்றுக்கு அன்னம் என்றும் மற்றதற்கு அண்டங்காக்கை என்றும் பெயர். ஒவ்வொன்றையும் 3, 6, 12 அடி என மூன்று அளவில் செய்திருந்தார். கூரிய முனை கொண்டது எப்போதும் வெல்லும் என்பது அன்றைய நம்பிக்கை. அளந்து பார்த்தபோது ஒரு வேகத்தில் ஒன்று வென்றது, வேறு வேகத்தில் மற்றது வென்றது. எல்லா வேகத்துக்கும் சிறந்த வடிவம் என்று ஒன்று இல்லை.

படகு சந்திக்கும் தடையை ஃபுரூட் இரண்டாகப் பிரித்தார்: தோலில் உரசும் தண்ணீரின் உராய்வு, அலை எழுப்புவதற்கான செலவு. மெதுவாகப் போகும்போது உராய்வுதான் பெரிய செலவு. வேகம் உடல்வேகத்தை நெருங்கும்போது அலைச் செலவு சட்டென்று ஏறும். பின்னர் டார்கியில் தன் வீட்டருகே நீண்ட தொட்டி கட்டி, 1872 முதல் ஆங்கிலக் கடற்படைக்காக மாதிரிகளை இழுத்து அளந்தார். இன்றைக்கும் கப்பல் கட்டுமுன் மாதிரியைத் தொட்டியில் இழுத்துப் பார்க்கிறார்கள் என்றால் அது அவர் போட்ட பாதை.

நமக்கு வேண்டிய பாடம் இது. உடல்வேகத்துக்குக் கீழே, வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது என்று தோராயமாகக் கொள்ளலாம். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் சக்தி கால் பங்குக்கு மேல் குறையும். அதே தூரத்தைக் கடக்க ஆகும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். எல்லைக்கு அருகில் என்றால் இன்னும் அதிகம். புது எஞ்சின், புது விசிறி, புது படகு எதுவும் வேண்டாம். கையிலிருக்கும் முடுக்கியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்.

தொங்கும் எஞ்சின்

மலாயில் இதற்கு அழகான பெயர்: எஞ்சின் சாங்குட். மாட்டித் தொங்கவிடும் எஞ்சின். நம் கடற்கரைகளில் அவுட்போர்டு. 1885-இல் கேமரன் மலையை அளக்க வந்தவர் வில்லியம் கேமரன். அதற்கு இருபது வருடம் கழித்து, 1905-இல், அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் படகின் பின்பலகையில் மாட்டும் பெட்ரோல் எஞ்சினைச் சோதித்த சட்ட மாணவர் பெயரும் கேமரன்தான்: கேமரன் வாட்டர்மேன். விற்பனைக்கு வந்த அவுட்போர்டுகளின் முன்னோடிகளில் அவருடையதும் ஒன்று. 1909-இல் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் ஒன்றரைக் குதிரை மோட்டாரை வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பொருள் உலகம் முழுக்கப் பரவியது. ஒன்றரைக் குதிரை! இன்று அதைச் சொன்னால் மாமாவின் கூட்டாளிகள் சிரிப்பார்கள்.

எஞ்சின்களில் டூ-ஸ்ட்ரோக், ஃபோர்-ஸ்ட்ரோக், டீசல் என்று மூன்று சாதி. பழைய கார்புரேட்டர் டூ-ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் வாசலும் புது எரிகலவை நுழையும் வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். நுழைந்த பெட்ரோலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு வெளியே போய்விடும். கடைக்காரர் ஒரு கிலோ நிறுத்து முக்கால் கிலோவை மட்டும் பையில் போடுவதுபோல. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வாசல்களுக்குத் தனித்தனி வால்வு; அந்தக் கசிவு இல்லை. டீசலில் அழுத்தம் அதிகம், எரிப்பும் சிக்கனம்.

எண்ணில் சொன்னால், ஒரு குதிரைச் சக்தியை ஒரு மணி நேரம் தர டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் சுமார் அரை லிட்டர் கேட்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் சொச்சம். டீசல் கால் லிட்டர்.

அப்படியானால் எல்லோரும் ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்க வேண்டியதுதானே? வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள் என்பதைப் பொறுத்தது. சராசரியாக 6 குதிரை பயன்படுத்துபவருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வருடத்தில் 50 மணி நேரம் தூண்டில் போடப் போகிறவருக்கு மிச்சமாவது 45 லிட்டர். தினமும் கடலுக்குப் போய் வருடத்தில் 1,000 மணி நேரம் ஓட்டும் மீனவருக்கு 900 லிட்டர். முன்னவருக்கு அது நான்கைந்து பயணத்துக்கான எண்ணெய். பின்னவருக்கு அதில் குடும்பமே இருக்கிறது. எடையும் பார்க்க வேண்டும்: 15 குதிரை டூ-ஸ்ட்ரோக் 40 கிலோவுக்குள் அடங்கும், ஃபோர்-ஸ்ட்ரோக் 50-ஐத் தொடும். டிரெய்லரிலிருந்து படகுக்குத் தூக்கி மாட்டும் முதுகுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

முட்டத்தில் கற்ற பாடம்

இந்தக் கணக்கையெல்லாம் வாழ்க்கையோடு போட்டுப் பார்த்தவர்கள் தமிழ்க் கடற்கரைக்காரர்கள். கட்டுமரத்துக்கு எண்ணெய்ச் செலவே கிடையாது. பாயும் துடுப்பும்தான். 1980-களின் தொடக்கத்தில் குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரக் கரையிலும் அவுட்போர்டு வந்து சேர்ந்தது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் எஞ்சின்கள். ஏழெட்டுக் குதிரையில் தொடங்கியது. முதலில் கரை சேர்ந்தவரின் மீனுக்கு ஏலத்தில் நல்ல விலை என்பதால் பக்கத்து வள்ளக்காரர் கொஞ்சம் பெரியது மாட்டினார். அவரைப் பார்த்து இவர். கேரளக் கரையின் பெரிய வள்ளங்களில் 25, 40 என்று ஏறி, ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக மாட்டும் நிலை வந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை.

அதே காலத்தில் குமரி மாவட்டத்து முட்டத்தில் ஒரு படகு கட்டும் கூடம் வேறு திசையில் யோசித்தது. கட்டுமரத்துக்குப் பெரிய மரம் கிடைப்பது அரிதாகிக்கொண்டிருந்தது. கடலுக்கென்று செய்த ஒட்டுப்பலகையில், லேசாக, அலையடிக்கும் கரையில் ஆட்கள் இழுத்து ஏற்றக்கூடிய படகுகளை மீனவர்களோடு சேர்ந்து செய்து பார்த்தார்கள். உடைந்தது, மாற்றினார்கள், கவிழ்ந்தது, மாற்றினார்கள். அந்த அனுபவத்தைப் பியர் ஜில்லே 1985-இல் நூலாக எழுதியபோது வைத்த தலைப்பு, சிறியது கடினமானது என்ற பொருள் கொண்டது. சின்னப் படகுதானே என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தலைப்பே போதும்.

சென்னையில் 1979 முதல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் இயங்கியது. அதில் பணியாற்றிய நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் ஒய்விந்த் குல்பிரான்சன், சிறு மீன்பிடி படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986-இல் ஒரு கையேடு எழுதினார். 2012-இல் அந்த நிறுவனத்துக்காக அதை விரிவாக்கி இன்னொன்றும் எழுதினார். அவர் திரும்பத் திரும்பச் சொல்வது எளிமையானது. வேகத்தைக் குறை. அடிப்பாகத்தையும் விசிறியையும் சுத்தமாக வை. படகை நீளமாக, ஒடுக்கமாக, லேசாக எடு. எஞ்சினைக் கடைசியில் தேர்ந்தெடு.

ஒடுக்கம் ஏன் முக்கியம்? ஒடுக்கமான உடல் தண்ணீரைக் கொஞ்சமாகத்தான் ஒதுக்குகிறது. நீளம் அகலத்தைப்போல எட்டு, பத்து மடங்கு ஆகும்போது எழும் மேடு அவ்வளவு தணிந்துவிடுகிறது, உடல்வேகம் என்ற சுவரே கரைந்துபோகிறது. கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல் உலகம் சுற்றி, இன்று இரட்டை உடல் கொண்ட வேகக் கப்பல்களுக்குப் பெயராக இருக்கிறது. நம் கட்டுமரம் இரட்டை உடல் கொண்டதல்ல. பக்கம்பக்கமாகக் கட்டிய மரங்கள். ஆனால் பெயர் வாங்கிய அந்தக் கப்பல்கள் வேகமாகப் போவதற்குக் காரணம் ஒடுக்கமான இரண்டு உடல்கள்தான். நிலைத்தன்மையை இரண்டு உடல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி கொடுக்கிறது. அகலத்துக்காக மேட்டை எழுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

விசிறியும் மலைக்காற்றும்

எஞ்சினையும் தண்ணீரையும் பேச வைப்பது விசிறி. அதன் மேல் இரண்டு எண்கள் பொறித்திருக்கும்: விட்டம், புரி. புரி 9 அங்குலம் என்றால், தண்ணீர் மரக்கட்டை மாதிரி இறுக்கமாக இருந்திருந்தால் ஒரு சுற்றுக்கு 9 அங்குலம் முன்னேறும் என்று பொருள். திருகாணி மரத்தில் இறங்குவதுபோல. எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று, கியர் அதைப் பாதியாக்குகிறது என்றால், மணிக்கு 34 கி.மீ. போக வேண்டும். தண்ணீர் மரமல்ல, நழுவும். படகு பாரமானால் இன்னும் நழுவும்.

சரியான விசிறியைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். வழக்கமான சுமையோடு முழு முடுக்கு கொடுத்துப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன சுற்றெண்ணை எஞ்சின் தொட வேண்டும். தொடவில்லை என்றால் புரி அதிகம். உயர்கியரில் மலையேறும் லோரி மாதிரி எஞ்சின் முக்கிக்கொண்டிருக்கிறது. தாண்டிவிட்டால் புரி குறைவு. ஓர் அங்குலப் புரி மாற்றம் சுமார் 200 சுற்றை மாற்றும். எஞ்சினை மாட்டும் உயரமும் பார்க்க வேண்டும்: விசிறிக்கு மேலுள்ள தட்டு படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஆழமாக இறங்கினால் தண்டு தண்ணீரை வீணாக இழுக்கும். உயர்ந்தால் விசிறி காற்றை உறிஞ்சி வெறுமனே சுற்றும்.

மாமா கொட்டகையிலேயே டிரம்மில் தண்ணீர் நிரப்பி, கூட்டாளியின் பழைய 15 குதிரையை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். "சத்தத்துல உயிரே இல்லப்பா" என்று குறைப்பட்டார். எஞ்சினின் குற்றமில்லை. இந்த உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு மெலிந்தது. உறிஞ்சும் காற்று குறைந்தால் எரிக்கும் பெட்ரோலும் குறையும். 15 குதிரை இங்கே 13 ஆகிவிடும். பழைய கார்புரேட்டர் இதை அறியாமல் அதே அளவு பெட்ரோலை ஊற்ற முயலும். அதனால்தான் கரும்புகையும் இருமலும். தெமெங்கோருக்கு இறங்கினால் தானாகச் சரியாகும்.

அவ்வளவு தூரம் போகாமல் பக்கத்திலேயே பார்த்தால், இருக்கும் தண்ணீர் ரிங்லெட் நீர்த்தேக்கம். 1960-களில் சுல்தான் அபூ பக்கார் அணையோடு உருவானது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,070 மீட்டர் உயரம். மேல்மலையில் வெட்டித் திறந்த சரிவுகளிலிருந்து மழை அடித்துக்கொண்டு வரும் மண், பெர்த்தாம் ஆற்றோடு அங்கே போய்ப் படிகிறது. வருடக்கணக்கில் அள்ளியும் தீராத வண்டல். அவுட்போர்டு தன்னைக் குளிர்விக்கச் சுற்றியுள்ள தண்ணீரையே உறிஞ்சும். உள்ளே ஒரு ரப்பர் சக்கரம் அதைத் தள்ளுகிறது. மண் கலந்த நீர் அந்த ரப்பருக்கு உப்புத்தாள். எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரை தளர்ந்தால் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று அறிக. தோட்டத்து மண் எஞ்சினுக்குள் போய்க் கணக்குத் தீர்க்கும் விதம் இது.

தராசில் ஏறிய படகு

பேச்செல்லாம் முடிந்த பிறகு மாமாவிடம், "படகுல என்னவெல்லாம் ஏத்துவீங்க மாமா?" என்று கேட்டேன். வாயால் சொல்லத் தொடங்கினார். பிறகு எழுந்துபோய் முட்டைக்கோசு நிறுக்கும் மேடைத் தராசின் மேலிருந்த சாக்கைத் தட்டி எடுத்தார். ஒவ்வொன்றாக ஏற்றினோம். மீன் பெட்டி ஐஸோடு 34 கிலோ. பேட்டரி 24. எண்ணெய் நிரம்பிய டாங்கி 22. நங்கூரமும் கயிறும் 9. தூண்டில், அடுப்பு, சட்டி, தண்ணீர், கூடாரம் 26. படகு 110, மோட்டார் 40 என்று எழுதிக்கொண்டோம். கடைசியில் அவரும் கூட்டாளியும் நானும் ஒருவர் பின் ஒருவராகத் தராசில் ஏறி நின்றோம். மூன்று பேர் 228. மொத்தம் 493 கிலோ.

வழுக்கிப் போக வேண்டுமானால் ஒரு குதிரைக்கு 23 கிலோவுக்கு மேல் சுமை இருக்கக் கூடாது என்பது கைக்கணக்கு. 15 குதிரைக்கு 345 கிலோ. நாங்கள் 150 கிலோ அதிகம். அந்தச் சுமையோடு முழு முடுக்கு கொடுத்தால் படகு மேட்டில் ஏற முடியாமல், அணியத்தைத் தூக்கிக்கொண்டு மணிக்கு 15 கி.மீ.யில் முக்கிக்கொண்டிருக்கும்.

ஏரியில் 20 கி.மீ. போவதாக வைத்து மூன்று தோராயக் கணக்குப் போட்டேன். அப்படி முக்கிக்கொண்டே போனால் 9 லிட்டர், ஒரு மணி இருபது நிமிடம். சுமையைக் குறைத்து 30 கி.மீ. வேகத்தில் வழுக்கினால் நாலரை லிட்டர், நாற்பது நிமிடம். முழுச் சுமையோடு ஏழரை கி.மீ.யில் மெதுவாகப் போனால் 2 குதிரையே போதும். சிறிய ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஏறக்குறைய 2 லிட்டர், இரண்டு மணி நாற்பது நிமிடம்.

மாமா காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு எதையெல்லாம் இறக்கலாம் என்று பார்த்தார். பேட்டரி வேண்டாம், கைவிளக்கு போதும். ஐஸைப் பாதியாக்கலாம். அடுப்பும் சட்டியும் வேண்டாம். 53 கிலோ குறைந்தது. 440. இன்னும் இடிக்கிறது. பட்டியலில் மிச்சமிருந்த பெரிய எண்கள் மூன்றுதான். அவர் பார்வை மெதுவாக என் பக்கம் திரும்பியது. நான் 72 கிலோ. என்னையும் கழித்தால் 368. 15 குதிரை ஒருவேளை இழுத்துவிடும்.

"30 குதிரை எடுத்தா?" என்றார்.

படகின் பின்பலகையில் தயாரிப்பாளர் அடித்த தகடு இருந்தது. அழுக்கைத் துடைத்துப் படித்தோம். இந்தப் படகுக்கு அதிகபட்சம் 20 குதிரை.

சிறிது நேரம் பேச்சில்லை. வெளியே காய்கறி ஏற்றிய லோரி ஒன்று முதல் கியரில் உறுமிக்கொண்டு வளைவில் திரும்பியது. மாமா அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "பாரம் ஏத்திக்கிட்டு மேட்டுல எவனும் வேகமாப் போக மாட்டான்" என்றார். காகிதத்தில் 15-ஐ அடித்துவிட்டு 8 என்று எழுதினார். அந்த எட்டிலும் ஆறு குதிரை எதிர்க்காற்றுக்கும் அவசரத்துக்கும் இருப்பில் கிடக்கும். விடியற்காலை ஐந்துக்குப் பதில் மூன்று மணிக்கே கிளம்பிவிடலாம், எல்லோரும் போகலாம் என்று கூட்டாளிக்குப் போன் போட்டார்.

வேகமானி வாங்கலாமா என்று மட்டும் பிறகு கேட்டார். வேண்டாம் மாமா, விலாவைப் பாருங்கள் என்றேன். அணியத்து மேட்டுக்கு அடுத்த மேடு, படகின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கில் நிற்கும்வரை முடுக்கலாம். அது பின்பலகையை எட்டினால் கையைத் தளர்த்திவிட வேண்டும். மேட்டைப் பார்த்துக் கியர் மாற்றிப் பழகியவருக்கு அது போதும்.